பாடமும் பிற பயிற்சியும்

(நம் சங்கத்தின் கல்விப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

தமிழ்ப் பண்டிதப் பயிற்சி பெற்று, இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பள்ளியில் தமிழ் கற்பித்து வரும் எம்மை இம்மேடைக்கு அழைத்த சங்கத்தார், பாடம் கெடாவண்ணம் விளையாட்டு, பேச்சு, நாடகம் முதலிய பயிற்சிகளை ஆசிரியர் எங்ஙனம் நடத்துவது என்பதைப் பற்றிப் பேசுமாறு பணித்தனர். இது எமக்கு எளிய பொருள் அன்று. இவ்விஷயத்தில் யாம் ஒருமுறை பெரும்பிழை செய்துள்ளோம். அதனை மறைத்துவிட்டுப் பிறர்க்கு உபதேசம் செய்தல் நேர்மையாகாது. ஆதலின் உரிய இடத்தில் அதனையும் சொல்லுவோம்.

முதற்கண் பெயரைப் பார்ப்போம். இப்பயிற்சிகளை முன்னாளில் ‘பாடத்திற்குப் புறம்பான செயல்கள்’ என்று வழங்கினர். இந்நாளில் ‘பாட இணைச் செயல்கள்’ என்கின்றனர். புறம்பு என்பது வேலிக்கு வெளியே நிற்பது. இணை என்பது ஒரே நுகத்தில் பூட்டப்பட்டது. இம்மாற்றம் வெறும் சொல் மாற்றம் அன்று. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக நெடுங்காலம் விளங்கிய டாக்டர் ஆ. இலட்சுமணசாமி முதலியார் தலைமையில் 1952-53இல் அமர்ந்த இடைநிலைக் கல்விக் குழு, இப்பயிற்சிகளும் பாடங்களைப் போலவே பள்ளியின் உறுப்பாவன என்று தெளிவாகக் கருதியது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் இவ்விரண்டிற்கும் நடுவே கடுமையான பிரிவினை கூடாது என்கின்றது. ஆகவே, இவை வேண்டுமா வேண்டாவா என்னும் வழக்கு ஏட்டளவில் என்றோ முடிந்துவிட்டது. முடியாத வழக்கெல்லாம் பள்ளியின் கால அட்டவணையில்தான் உள்ளது.

எம் பள்ளியின் அட்டவணையில் நாளொன்றுக்கு 8 பாடவேளை, வாரத்திற்கு 40. அவற்றுள் விளையாட்டிற்கு உரியவை 2. ஒரு பாடவேளை 40 நிமிடமாதலின், வாரம் முழுவதற்கும் 80 நிமிடமே விளையாட்டிற்குக் கிட்டுகிறது. ஐந்து முதல் பதினேழு வயது வரையுள்ள பிள்ளைகள் சராசரியாக நாள்தோறும் 60 நிமிடமேனும் உடல் வருந்த இயங்கவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. அஃதாவது வாரத்திற்கு 420 நிமிடம். வேண்டுவது 420, பள்ளி தருவது 80. இந்த எண்பதையும் கணக்காசிரியரும் அறிவியலாசிரியரும் தேர்வு நெருங்குங்கால் ‘கடனாக’ வாங்கிக் கொள்கின்றனர். அக்கடன் திரும்பி வருவதை யாம் நெடுநாள் கண்டதில்லை.

இனி எம் பிழையைக் கூறுவோம். சில ஆண்டுகளுக்கு முன் எம் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். கணீரென்ற குரல், கேட்டதை மறவாத நினைவு, மேடையைக் கண்டு அஞ்சாத நெஞ்சு. இலக்கிய மன்றப் பொறுப்பு எம்மிடம் இருந்தமையால், பேச்சுப் போட்டி எங்கு நடந்தாலும் அவனையே அழைத்துச் சென்றோம். அவன் பத்தாம் வகுப்பிற்கு வந்த ஆண்டில் ஆடி தொடங்கி மார்கழிக்குள் 14 பள்ளி நாட்கள் எம்முடன் வெளியூர்களிற் கழித்தான். சென்ற இடமெல்லாம் வெற்றி. தலைமையாசிரியர் காலை வணக்கக் கூட்டத்தில் எம்மைப் பாராட்டினார், யாமும் மகிழ்ந்தோம். அந்த 14 நாட்களில் வகுப்பில் இருபடிச் சமன்பாடும் முக்கோணவியலும் நடந்தேறின என்பதை யாம் எண்ணிப் பார்க்கவில்லை. பொதுத்தேர்வில் அவன் தமிழில் மிக உயர்ந்த மதிப்பெண் பெற்றான். கணக்கில் 35 பெறாமல் தவறினான்.

மறுநாள் அவன் தந்தையார் பள்ளிக்கு வந்தார். சுமை தூக்கிப் பிழைப்பவர். கையில் ஒரு கோணிப்பை. அதனை எம் மேசைமேல் வைத்தார். உள்ளே அவன் பெற்ற கோப்பைகளும் கேடயங்களும் இருந்தன. “ஐயா, இவற்றையெல்லாம் பள்ளிக்கூடத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். பையனுக்குக் கணக்கை மட்டும் யாரையாவது சொல்லிக் கொடுக்கச் சொல்லுங்கள்” என்றார். அவர் சினந்து பேசியிருப்பாராயின் யாம் ஏதேனும் மறுமொழி சொல்லியிருப்போம். அவர் கைகூப்பி நின்றார். எமக்கு நாவெழவில்லை.

அன்று மாலையே எம் கணக்காசிரிய நண்பரிடம் சென்று நடந்ததைச் சொன்னோம். அவர் அம்மாணவனுக்கு நாள்தோறும் மாலையில் இரண்டு மணி நேரம் கற்பித்தார். துணைத்தேர்வில் அவன் தேறி, ஓராண்டும் இழவாமல் மேல்வகுப்பிற் சேர்ந்தான். அந்நாட்களில் ஒருமுறை அந்நண்பர் எம்மிடம், “நீர் ஒருவனுடைய கணக்கைக் கெடுத்தீர், யான் நாற்பது பேருடைய விளையாட்டைக் கெடுத்திருக்கிறேன். அந்த ஆண்டு மட்டும் யான் வாங்கிய உடற்பயிற்சிப் பாடவேளைகளை எண்ணிப் பார்த்தேன்; முப்பதுக்கு மேல் வருகின்றன” என்றார்.

இருவர் பிழையும் பார்வைக்கு வேறு, வேர் ஒன்றே. யாம் கேடயத்தை எண்ணினோம். அவர் தேர்ச்சி விழுக்காட்டை எண்ணினார். இரண்டும் பள்ளியின் பெயருக்காக. வகுப்பில் இருந்த 42 பிள்ளைகளை ஒவ்வொருவராக எண்ணியவர் எவரும் இலர். எம் பழைய குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தபொழுது, அவ்வாண்டு எல்லாப் போட்டிகளுக்கும் சென்றவர் ஐவரே. எஞ்சிய 37 பேர் பள்ளி வாயிலைத் தாண்டியதும் இல்லை. இலக்கிய மன்றத்தில் எழுந்து ஒரு சொற் பேசியதும் இல்லை என்பது தெரிந்தது. ஐவருக்குப் பயிற்சி மிகுந்து பாடம் கெட்டது. முப்பத்தெழுவருக்குப் பயிற்சியே இல்லை. இதனால் யாம் தெளிந்தது ஒன்று. பாடத்திற்கும் பயிற்சிக்கும் நிறை தவறுவது, பயிற்சி மிகுதியாக இருத்தலால் அன்று. அது சிலரிடமே குவிதலால். அனைவர்க்கும் பகிர்ந்து கொடுப்பின், எவன் பாடமும் கெடுமளவிற்கு அது மிகாது.

நன்னூல் பாயிரத்திற் பவணந்தி முனிவர் நல்லாசிரியனுக்கு நிலத்தையும் மலையையும் மலரையும் உவமை கூறியதோடு, துலாக்கோலையும் ஓர் உவமையாக வைத்தார். ஐயத்திற்கிடமின்றி அளவைக் காட்டுதலும் நடுவு நிற்றலும் துலாக்கோலின் தன்மை. ஆசிரியன் ஆகாதவனுக்கு அவர் கூறிய உவமைகளுள் முடத்தெங்கு ஒன்று. நீர் வார்த்து வளர்த்தவன் முற்றத்தில் நில்லாது, வளைந்து வேலி கடந்து அயலான் முற்றத்திற் காய் உதிர்க்கும் தென்னை அது. இந்நூலை எத்தனையோ முறை பிறர்க்குப் பாடஞ் சொல்லியிருக்கிறோம். தம் பிள்ளைகளை நம்பி ஒப்படைத்த 42 வீட்டாருக்குப் பயன்படாமல், ஐவர் வாயிலாகப் பள்ளியின் அலமாரிக்கே காய் உதிர்த்த யாமும் ஒரு முடத்தெங்கே என்பது அன்றுதான் விளங்கிற்று.

அதன்பின் யாமும் நண்பரும் சில ஒழுங்குகளை வகுத்துக் கொண்டோம். அவற்றை ஆசிரியத் தோழர்கள் பொருட்டு ஈண்டுச் சொல்லுகிறோம்.

ஒன்று, வெளிப் போட்டிக்கு ஒரு மாணவன் ஆண்டிற்கு மூன்று முறைக்கு மேற் செல்லலாகாது. நாட்டு நலப்பணித் திட்டம் 1969இல் தொடங்கப்பட்டது; அதிற் சேர்ந்த கல்லூரி மாணவர்க்கு ஆண்டொன்றிற்கு 120 மணி நேரம் என்று தொண்டிற்கும் அளவு வகுத்தே வைத்துள்ளனர். தொண்டிற்கே அளவு உண்டாயின், போட்டிக்கு வேண்டாவா?

இரண்டு, இலக்கிய மன்றம் வெள்ளிக்கிழமைக் கடைசிப் பாடவேளையில் நடக்கும். வருகைப் பதிவேட்டின் வரிசைப்படி வாரத்திற்கு அறுவர், ஆளுக்கு இரண்டு நிமிடம் பேசுவர். ஏழு வாரத்தில் 42 பேரும் ஒரு சுற்றுப் பேசி முடிப்பர். யாருக்கும் விலக்கு இல்லை.

மூன்று, வெளியே அழைத்துச் செல்லும் ஆசிரியரே, மாணவன் இழந்த பாடத்திற்குப் பொறுப்பு. திரும்பிய வாரத்திற்குள் அப்பாடங்களை உரிய ஆசிரியரிடம் கேட்டு வாங்கிக் கற்பிக்கச் செய்தல் அவர் கடமை.

நான்கு, உடற்பயிற்சிப் பாடவேளையைக் கடன் வாங்குவோர் ஆசிரியர் அறையில் தொங்கும் ஏட்டில் எழுதி வாங்குதல் வேண்டும். பதினைந்து நாட்களுக்குள் தம் பாடவேளையைக் கொடுத்து அடைத்தல் வேண்டும். இவ்வேட்டைத் தொங்கவிட்ட மாதமே கடன் வாங்குவோர் தொகை பெரிதும் குறைந்துவிட்டது.

ஐந்து, இயன்றவிடத்துப் பயிற்சியிலிருந்தே பாடத்தை எடுத்தல். விளையாட்டு விழாவிற்கு ஓடுபாதை வரையும் வேலையைக் கணக்கு நண்பர் மாணவரிடமே விட்டார். ஒவ்வொரு பாதையும் 1.22 மீட்டர் அகலம். ஒரு முழுச் சுற்று ஓடுமிடத்து, வெளிப் பாதையில் ஓடுபவன் உட்பாதையில் ஓடுபவனைவிட எவ்வளவு முன்னே நிற்கவேண்டும்? வட்டத்தின் சுற்றளவைக் கொண்டு கணக்கிட, ஏறத்தாழ 7.67 மீட்டர் என்று வந்தது. வட்டம் சிறிதாயினும் பெரிதாயினும் இவ்வேறுபாடு மாறாது என்பதையும் பிள்ளைகள் தாமே கண்டு வியந்தனர். சுண்ணாம்புப் பொடி படிந்த கையோடு கற்ற அக்கணக்கை அவர்கள் எளிதில் மறப்பாரல்லர்.

இவ்வொழுங்குகளால் உடனே புகழ் வந்ததோ எனின், வரவில்லை. முதலாண்டு பேச்சுப் போட்டியில் எம் பள்ளிக்கு ஒரு கேடயமும் கிட்டவில்லை. தலைமையாசிரியர் எம்மை அழைத்து, “திறமையுள்ளவனை வைத்துக்கொண்டு ஏன் தோற்றீர்கள்?” என்று வினவினார். யாம் எம் குறிப்பேட்டைக் காட்டினோம். அவ்வாண்டில், வருகைப் பதிவின்போது ‘உள்ளேன் ஐயா’ என்பதற்கு மேல் வாய் திறந்தறியாத மாணவி ஒருத்தி, தன் முறை வந்த நாளில் எழுந்து, தன் தெருக்குழாயில் நீர் வாராமையால் தாயும் தானும் விடியுமுன் குடமெடுத்து நடக்கும் தூரத்தைப் பற்றி இரண்டு நிமிடம் பேசினாள். வகுப்பு முழுவதும் மூச்சடக்கிக் கேட்டது. எந்தப் போட்டிக்கும் யாம் அவளைத் தெரிந்தெடுத்திருக்க மாட்டோம். 2022ஆம் ஆண்டில் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா தொடங்கியது. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் எனப் படிப்படியாக நடைபெறும் அவ்விழாவில், பள்ளியளவில் நடக்கும் முதற்படியே எமக்குப் பெரிதாகத் தோன்றுகிறது; எல்லாப் பிள்ளைகளும் ஏறக்கூடிய மேடை அஃதொன்றே.

“பொதுத்தேர்வு எழுதும் ஆண்டிலும் இவை வேண்டுமா?” என்று பெற்றோர் கேட்பது இயல்பு. அவ்வச்சத்தை யாம் எள்ளி நகையாடோம். கோணிப்பையோடு வந்தவர் எமக்கு அதனைக் கற்பித்துவிட்டார். தேர்வெழுதும் வகுப்பினரைத் தை பிறந்தபின் எந்த வெளிப் போட்டிக்கும் அனுப்புவதில்லை என்பது எம் ஒழுங்கு. ஆயினும் போட்டியை நிறுத்துவது வேறு. விளையாட்டை நிறுத்துவது வேறு. மாலையில் ஒரு மணி நேரம் ஓடியாடிய பிள்ளைக்கு இரவில் நல்ல உறக்கம் வருகிறது. மறுநாட் காலைப் பாடம் மனத்தில் நிற்கிறது. விளையாடாத பிள்ளை அந்நேரத்தைப் புத்தகத்தோடு கழிப்பதில்லை; பெரும்பாலும் கைப்பேசியோடு கழிக்கிறது. இதனை உங்கள் வீட்டிலேயே காணலாம்.

தாய்மார்களிடம் ஒன்று வேண்டிக்கொள்கிறோம். ஆறாம் வகுப்பு வரை கோ-கோ ஆடிய பெண் குழந்தை எட்டாம் வகுப்பில் ஆடுகளத்திற்கு வருவதில்லை. காரணம் கேட்டால், “வீட்டில் வேண்டாமென்றார்கள், ஐயா” என்று தலைகுனிகிறாள். படிப்பில் நம் பெண்மக்கள் இன்று முன்னிற்கின்றனர் என்று இம்மேடையிலேயே பெருமை பேசினோம். அப்படிப்பைத் தாங்கும் உடம்பு அவர்களுக்கும் வேண்டுமன்றோ? பகிர்ந்து கொடுத்தல் என்று யாம் சொன்னது ஆண்பிள்ளைகளுக்குள் மட்டும் பகிர்தல் அன்று.

இறுதியாகச் சங்கத்தாருக்கு இரண்டு விண்ணப்பம். பொதுத்தேர்வில் முதலிடம் பெற்றோர் பட்டியலை அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழ்நாட்டு அரசு 2017இல் கைவிட்டது. நம் பரிசுப் பட்டியலிலோ முதல் மூன்று மதிப்பெண்களுக்கே இடம் உள்ளது. அப்பரிசுகளைக் குறைக்க யாம் சொல்லவில்லை. சென்ற ஆண்டைவிடத் தன்னளவில் முன்னேறிய பிள்ளைக்கும், ஆண்டு முழுவதும் தவறாமல் ஆடுகளத்திற்கு வந்த பிள்ளைக்கும், முதன்முறை மேடையேறிய பிள்ளைக்கும் ஒவ்வொரு புத்தகமேனும் அடுத்த ஆண்டு இம்மேடையில் வழங்குக. நம் மாணவர் விடுதியில் மாலை ஐந்து மணி முதல் ஆறு வரை படிப்பறையைப் பூட்டி, வெளிவாயிலைத் திறந்துவிடுமாறும் வேண்டுகிறோம். அருகிலுள்ள மைதானத்தில் எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஆடுகின்றனர். நம் பிள்ளைகளும் அவர்களோடு கலந்து ஆடட்டும்.

அந்தக் கோணிப்பை இன்னும் எம் அலமாரியின் அடித்தட்டில் இருக்கிறது. அம்மாணவன் பின்னர் வந்து கேட்டபொழுது அவற்றை எடுத்துச் செல்லுமாறு சொன்னோம். ஒரே ஒரு கோப்பையை எடுத்துக்கொண்டு, “மற்றவை இங்கேயே இருக்கட்டும், ஐயா” என்றான். ஒவ்வோர் ஆண்டும் போட்டிக்குப் பெயர் எழுதுமுன் அவ்வலமாரியை ஒருமுறை திறந்து பார்க்கிறோம்.