கலந்த பேச்சும் கைவிட்ட சொல்லும்



வட இந்திய நகரங்களிலே இன்று வழங்கும் பேச்சைக் குறித்துச் சில வார்த்தைகள் கூற விரும்புகின்றோம். டில்லியில் இளைஞர் இருவர் உரையாடினால் ஒரே வாக்கியத்தில் இந்தியும் ஆங்கிலமும் கலந்து வருவதைக் கேட்கலாம். இதனை 'ஹிங்கிலிஷ்' என்று அழைக்கின்றனர்.

இந்தி அழிந்துவிட்டதெனச் சிலர் அங்கலாய்க்கின்றனர். அப்பேச்சைச் சிறிது ஆராய்வோம். 'போன்' என்பது ஆங்கிலச் சொல். 'போன் கியா' என்றால் போன் செய்தான். 'போன் கரேகா' என்றால் போன் செய்வான். காலத்தைக் காட்டும் வினை இந்தியே. நாம் 'போன் பண்ணினேன்' என்பதும் இத்தகையதே. புத்தகத்தைக் குறிக்கும் 'கிதாப்', உலகைக் குறிக்கும் 'துனியா' ஆகியன அரபியிலிருந்து பாரசீகத்தின் வழியாக இந்தியிற் குடிபுகுந்தவை. 'லூட்', 'ஜங்கிள்' முதலிய சொற்களை இந்தியும் ஆங்கிலத்துக்கு ஈந்துள்ளது. ஆகவே கொள்வதும் கொடுப்பதும் மொழிக்குக் குறைவன்று.

1950ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு, இந்தியை இந்திய ஒன்றியத்தின் அலுவல்மொழியாக்கியது. புதிய சொற்களுக்குப் பெரும்பாலும் சமஸ்கிருதத்தை நாடுமாறும் கூறியது. அவ்வாறு ஆக்கப்பட்ட சொற்கள் பல மக்கள் நாவில் ஏறவில்லை. 2011ஆம் ஆண்டில் இந்திய அரசின் அலுவல்மொழித் துறையே, கடினமான இந்திச் சொற்களுக்குப் பதிலாகப் பழகிய ஆங்கிலச் சொற்களைத் தேவநாகரியில் எழுதலாமென அறிவுறுத்தியது.

எனினும் கவலைக்கு இடமில்லாமலில்லை. இந்தியிலே நூறு வரையுள்ள எண்களுக்குப் பெரும்பாலும் தனித்தனி வடிவம் உண்டு. 59 'உன்சட்', 69 'உன்ஹத்தர்'. ஆங்கில வழியிற் கற்கும் பிள்ளைகள் பலர் இவற்றில் தடுமாறுகின்றனர். கடைக்காரர் விலை கூறினால், அதனை ஆங்கிலத்திற் கூறும்படி கேட்கின்றனர். இங்கே இல்லாத சொல்லுக்காகக் கடன் வாங்கவில்லை. இருந்த சொல்லையே கைவிட்டனர். இழப்பு இதுவே. ஆங்கிலம் அறியாத பாட்டிக்கும் பேரனுக்கும் இடையே திரை விழுவதும் இதனாலேயே.

இளைஞர்களே! கலந்து பேசுவதாலேயே ஒருவனைக் குறைகூற வேண்டாம். வேண்டியபோது, வேண்டியவரிடம், கலவாமலும் பேச அவனால் முடிகின்றதா என்று நோக்குவோம். முடியுமாயின் அவன் இரு மொழிக்கும் உரியவன். முடியாதாயின் தன் மொழியிற் பாதியை இழந்தவனாவான். இவ்வளவுகோலை நம் நாவுக்கும் வைத்துப் பார்ப்போமாக. நம் வீட்டு முதியவரிடம் ஒருநாட் செய்தியை முழுத் தமிழிற் சொல்லிப் பார்ப்போம். எங்கே தடைப்படுகின்றோமோ அங்கிருந்தே கற்கத் தொடங்குவோம்.