காவல் இருந்தும் களவு போவது ஏன்?



குடும்பத்தில் ஒருவருக்கு நுரையீரல் புற்றுநோய் என்று மருத்துவர் சொன்னதும் வீட்டார் கேட்பது இதுதான்: "நேற்று வரைக்கும் நல்லாத்தானே இருந்தார், உடம்பில் எதிர்ப்புச் சக்தியே இல்லாமலா போய்விட்டது?" அடுத்த வாரமே பக்கத்து வீட்டார் சத்து மாவு டின்னோடு வருவார். எதிர்ப்புச் சக்தியைக் கூட்டினால் நோய் ஓடிவிடும் என்பது அவர் நம்பிக்கை. அந்தக் கேள்விக்கும் இந்த நம்பிக்கைக்கும் விடை சொல்லக்கூடிய ஓர் அணு நம் இரத்தத்தில் இருக்கிறது. அதன் பெயர் இயற்கைக் கொல்லி அணு. மருத்துவர்கள் சுருக்கமாக என்.கே. அணு என்பார்கள்.

1975-ஆம் ஆண்டில் சுவீடனில் ரோல்ஃப் கீஸ்லிங், ஈவா கிளைன், ஹான்ஸ் விக்செல் ஆகியோர் எலிகளிடம் இந்த அணுக்களைப் பற்றி எழுதினர். முன்பயிற்சி எதுவும் இன்றிப் பிறவியிலேயே புற்றணுவைக் கொல்லும் திறன் பெற்றதால் இந்தப் பெயர். இரத்தத்தில் உள்ள லிம்ஃபோசைட் வகை வெள்ளணுக்களில் ஏறக்குறைய 100-க்கு 5 முதல் 15 வரை இவைதாம்.

தொழிற்சாலை வாசலில் நிற்கும் ஜாகாவை நினைத்துப் பாருங்கள். உள்ளே வருபவரிடம் அடையாள அட்டை இருக்கிறதா என்று அவர் பார்ப்பார். நம் உடலணுக்களின் மேற்பரப்பிலும் எச்.எல்.ஏ. எனப்படும் அட்டை உண்டு. டி அணு என்னும் இன்னொரு காவலர் அந்த அட்டையில் உள்ளதைப் படித்துக் குற்றவாளியைப் பிடிப்பார். அவரிடமிருந்து தப்பிக்கப் புற்றணு அட்டையையே ஒளித்துவிடுவது உண்டு. அங்கேதான் என்.கே. அணு குறுக்கிடுகிறது. அட்டை இல்லாததே அதற்குச் சந்தேகம். 1980-களில் கிளாஸ் காரே என்னும் சுவீடன் ஆய்வாளர் இதை விளக்கினார். சந்தேகம் உறுதியானதும் என்.கே. அணு எதிரியை ஒட்டி நின்று பெர்ஃபோரின் என்னும் புரதத்தால் துளையிடும். கிரான்சைம் என்னும் நொதிகளை உள்ளே செலுத்தும். புற்றணு தன்னைத் தானே மாய்த்துக்கொள்ளும்.

இவ்வளவு திறமையான காவல் இருந்தும் நுரையீரலில் களவு போவது ஏன்? நோயாளிகளின் கட்டிகளை ஆராய்ந்தவர்கள் மூன்று காரணங்களைக் காண்கிறார்கள்.

முதலாவது, நிற்கும் இடம். கட்டிக்குள் வரும் என்.கே. அணுக்கள் பெரும்பாலும் புற்றணுக்களைத் தொடாமல், சுற்றியுள்ள இணைப்புத் திசுவிலேயே தங்கிவிடுகின்றன. ஜாகா வேலிக்கு வெளியே நிற்க, திருடன் உள்ளே இருக்கிறான்.

இரண்டாவது, ஆயுதம். கட்டி சுரக்கும் டி.ஜி.எஃப். பீட்டா என்னும் பொருள், என்.கே. அணு எதிரியை அறிய உதவும் ஏற்பிகளைக் குறைத்துவிடுகிறது. தன்னைக் காட்டிக்கொடுக்கும் அடையாளங்களைப் புற்றணு உதிர்த்தும் விடுகிறது. கண்ணைக் கட்டிவிட்டால் காவலர் என்ன செய்வார்?

மூன்றாவதுதான் வேதனையானது. கட்டிக்குள் உள்ள சில என்.கே. அணுக்கள், புதிய இரத்தக் குழாய்கள் வளரத் தூண்டும் பொருளைச் சுரக்கின்றன. அந்தக் குழாய்கள் வழியே கட்டிக்கு உணவு போகிறது. காவலரே திருடனுக்குச் சோறு போடும் நிலை.

ஆக, குறை பெரும்பாலும் அணுக்களின் எண்ணிக்கையில் இல்லை. கட்டிக்குள் அவை படும் பாட்டில் இருக்கிறது. மாவு டின்னால் அந்தச் சூழலை மாற்ற முடியும் என்பதற்குச் சான்று கிடையாது. அதை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போட்டால் இழப்பது நாள்களை மட்டும் அல்ல, அறுவைச் சிகிச்சை செய்யக்கூடிய கட்டத்தையும்தான்.

என்.கே. அணுக்களைத் தடுக்கும் பிரேக்கை விடுவிக்க ஆய்வாளர்கள் முயல்கிறார்கள். மொனாலிசுமாப் என்னும் மருந்தை டுர்வாலுமாப் மருந்தோடு சேர்த்துக் கொடுத்த இரண்டாம் கட்டச் சோதனையின் முடிவு 2022-இல் வெளிவந்தது. டுர்வாலுமாப் மட்டும் பெற்றவர்களைவிட, சேர்த்துப் பெற்றவர்களுக்கு நோய் முற்றாமல் இருந்த காலம் கூடியது. ஆனால் அது சிறிய சோதனை. அதை வைத்து யாரும் வாக்குறுதி தர முடியாது.

குடும்பங்கள் இன்றே செய்யக்கூடியது என்ன? ஜப்பானின் சைத்தாமாவில் 3,625 பேரை 11 ஆண்டுகள் கவனித்த ஆய்வு 2000-ஆம் ஆண்டில் வெளிவந்தது. கொல்லும் திறன் குறைந்த வெள்ளணுக்களைக் கொண்டவர்களுக்குப் புற்றுநோய் அதிகம் வந்ததை அது காட்டியது. சிகரெட் புகை அந்தத் திறனைக் குறைப்பதையும், விட்டவர்களிடம் அது மீண்டும் எழுவதையும் வேறு ஆய்வுகள் காட்டியுள்ளன. சிகரெட்டை நிறுத்துவது காவலருக்கு ஆயுதத்தைத் திருப்பிக் கொடுப்பது போன்றது.

மூன்று வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமல், சளியில் இரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு ஆகியவை இருந்தால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். புகைக்காதவருக்கும் இந்நோய் வருகிறது. நெடுங்காலம் அதிகம் புகைத்தவர்கள், குறைந்த கதிர்வீச்சு சி.டி. ஸ்கேன் எடுக்கலாமா என்று மருத்துவரைக் கேட்கலாம். அமெரிக்காவில் அத்தகையோரிடம் நடந்த பெரிய ஆய்வு 2011-இல் வெளிவந்தது. எக்ஸ்ரே எடுத்தவர்களைவிட அந்த ஸ்கேன் எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் மரணம் 20 விழுக்காடு குறைந்திருந்தது.

பக்கத்து வீட்டாரின் அன்பு பெரிது. அடுத்த முறை அவர் மாவு டின்னுக்குப் பதிலாக, "வாங்க, கிளினிக்குக்கு நானும் கூட வர்றேன்" என்று சொன்னால், அதுவே நோயாளிக்குப் பெரிய காவல்.