ஏரிக்கரையில் மறைந்த காட்சிகள்

(நாவலூரில் ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)

ஊராட்சி மன்ற உறுப்பினர்களே, விவசாயப் பெருமக்களே, தாய்மார்களே!

திட்டங்களைப் பற்றியும் மானியங்களைப் பற்றியும் நான் பேசக்கூடும் என்று நீங்கள் எதிர்பார்த்திருக்கலாம். இன்று அவற்றைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, இப்பகுதியில் நாள்தோறும் காணப்பட்டு, பிறகு மறைந்துபோன சில காட்சிகளைப் பற்றிப் பேச விரும்புகிறேன். பழமையை எண்ணிப் பெருமூச்சு விடுவது என் நோக்கம் அன்று. மறைந்தவற்றுள் எவை மறைந்தது நன்று, எவற்றை நாம் மறைய விட்டிருக்கக் கூடாது என்று கூடிச் சிந்திக்க வேண்டும் என்பதே நோக்கம்.

முதலில் ஏற்றத்தை எடுத்துக்கொள்வோம். விடியற்காலையில் கிணற்றின் மேலே துலா மரத்தில் ஒருவர் முன்னும் பின்னும் நடப்பார். கீழே நிற்பவர் சாலைப் பிடித்து நீரை வாய்க்காலில் சாய்ப்பார். எத்தனை சால் இறைத்தாயிற்று என்பதைப் பாட்டாலேயே எண்ணிக்கொள்வர். வேறு கிணறுகளில் மாடுகள் பூட்டிய கவலை ஏறி இறங்கும். ஆயில் எஞ்சினும் மின்சார மோட்டாரும் வந்தபின் இவை மெல்ல மெல்ல மறைந்தன. என்னையொத்த வயதினர் அவற்றின் கடைசிச் சாயலைத்தான் கண்டோம்.

ஏற்றம் மறைந்ததற்காக நாம் கண்ணீர் விட வேண்டுவதில்லை. அது முதுகை ஒடிக்கும் உழைப்பு. தவறி விழுந்தால் உயிருக்கே ஆபத்து. ஆனால் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். ஏற்றம் இறைத்தவனுக்குக் கிணற்றின் நீர்மட்டம் நாள்தோறும் தெரிந்திருந்தது. மனித உடல் தாங்குமளவுக்கே நீர் எடுக்க முடிந்தது. மோட்டாருக்குக் களைப்பு என்பது இல்லை. ஆகவே, உடல் விதித்த அந்த வரம்பு நீங்கியபோது, அறிவினால் ஒரு வரம்பை நாம் வகுத்திருக்க வேண்டும். அதைச் செய்யத் தவறினோம்.

இரண்டாவது காட்சி, நமக்குக் கிழக்கே ஓடும் பக்கிங்காம் கால்வாயில் சென்ற படகுகள். 1806ஆம் ஆண்டு வெட்டத் தொடங்கி, 1878இல் அன்றைய ஆளுநரின் பெயரைப் பெற்ற அக்கால்வாய் வழியே, உப்பும் விறகும் நெல்லும் சென்னைக்குச் சென்றன. காற்றடித்தால் பாய் விரிப்பர். இல்லையேல் கழியூன்றித் தள்ளுவர், அல்லது கரையில் நடந்து கயிற்றால் இழுப்பர். 1960களில் வீசிய புயல்களுக்குப் பின் போக்குவரத்து நலிந்தது. சாலைகளில் லாரிகள் பெருகியதும் அது நின்றே போயிற்று. படகு போனதுடன் கால்வாயைத் தூர்வாரிக் காப்பதில் இருந்த அக்கறையும் போயிற்று. ஒரு நீர்வழியைப் பயன்படுத்துவோர் இல்லாமற்போனால், அதைப் பாதுகாப்போரும் இல்லாமற்போவர் என்பது இதனால் விளங்கும்.

இனி, நான் சொல்லவந்த முக்கியமான காட்சிக்கு வருகிறேன். அதுதான் குடிமராமத்து.

செங்கற்பட்டுச் சீமை ஏரிகளின் சீமை. இங்கே ஆண்டு முழுதும் நீரோடும் ஆறு கிடையாது. பாலாற்றிலும் பெரும்பாலான மாதங்களில் மணல்தான். ஐப்பசி, கார்த்திகையில் பொழியும் மழையைத் தேக்கி வைத்தே நம் முன்னோர் பயிரிட்டனர். மேலே உள்ள ஏரியின் கலங்கலில் வழியும் நீர், கீழே உள்ள ஏரிக்கு வரத்தாகும். இவ்வாறு சங்கிலித் தொடராக ஏரிகளை அமைத்தனர். உத்திரமேரூரில் முதற் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள், குடவோலை முறையில் ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏரிவாரியத்தைப் பற்றிக் கூறுகின்றன. 1767ஆம் ஆண்டு முதல் தாமஸ் பர்னார்டு இச்சீமையின் ஏறத்தாழ 2,000 கிராமங்களை அளந்து கணக்கெடுத்தார். விளைச்சலைப் பங்கிடுமுன்னரே ஏரி மராமத்துக்கும், தச்சர், கொல்லர் முதலான ஊர்த் தொழிலாளருக்கும் பங்கு ஒதுக்கப்பட்டதை அக்காலக் கணக்குகளில் காணலாம்.

மழைக்கு முன்னர் வீட்டுக்கு ஒருவர் மண்வெட்டியும் கூடையுமாகப் புறப்படுவர். வரத்துக்காலைச் சுத்தம் செய்வர், நண்டு வளைகளையும் எலி வளைகளையும் அடைப்பர், கரையை உயர்த்துவர். வறண்ட ஏரியிலிருந்து வண்டல் மண்ணை மாட்டுவண்டிகளில் ஏற்றி வயல்களில் கொட்டுவர். ஏரியும் ஆழமாயிற்று, நிலத்துக்கும் எரு கிடைத்தது. அடைமழை இரவுகளில் கரையில் காவல் இருப்பர். ஏரி நிரம்பிக் கலங்கல் ஓடினால் ஊரே திரண்டு சென்று பார்க்கும்.

ஆயினும் இக்காட்சியின் மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்லவேண்டும். மடையைத் திறந்து மூடி, வயலுக்கு வயல் நீர் பாய்ச்சி, நள்ளிரவில் கரையைக் காத்தவர் நீர்க்கட்டி. அவர் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட குலத்தைச் சேர்ந்தவர், நிலமற்றவர். ஊரின் நீரெல்லாம் அவர் கையால் பகிரப்பட்டது. ஊர்க்கூட்டத்திலோ அவருக்குச் சம இடமில்லை. களத்தில் அளந்து போட்ட நெல்லே அவருக்குக் கூலி. மேலும், 1858ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் கட்டாய வேலைச் சட்டம் இயற்றப்பட்டபோது, ஊரார் மனமுவந்து செய்த கடமை, தண்டனைக்கு அஞ்சிச் செய்யும் வேலையாயிற்று. ஆகவே பழைய முறையை அப்படியே திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று நான் கூற மாட்டேன். அதில் இருந்த கூட்டுப் பொறுப்பு வேண்டும். அதில் இருந்த ஏற்றத்தாழ்வு வேண்டாம்.

2017ஆம் ஆண்டு தமிழக அரசு குடிமராமத்து என்ற பெயரிலேயே ஒரு திட்டத்தைத் தொடங்கி, ஏரிகளைச் சீரமைத்தது. அரசின் பணம் கரையை உயர்த்தும்; மதகைப் புதுப்பிக்கும். ஆனால் மழை இரவில் கரைமேல் நின்று பார்க்கும் கண்களை எந்த நிதி ஒதுக்கீட்டாலும் வாங்க இயலாது.

நாவலூரைப் பொறுத்தவரை இன்னொரு கேள்வியும் எழுகிறது. ஆயக்கட்டு விவசாயிகளின் தேவைதான் ஏரியைக் காத்தது. இச்சாலையோரம் கணினி நிறுவனங்களும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் எழுந்தபின், வயல்கள் மனைகளாயின. வயலே இல்லாத ஊரில் ஏரி யாருக்குச் சொந்தம்? இதற்கு விடை காணாததன் விளைவை நாம் அனுபவித்தோம். 2015 டிசம்பரில் வெள்ளம் வீடுகளில் புகுந்தது. 2019 கோடையிலோ தண்ணீர் லாரிக்காகக் காத்திருந்தோம். நான்கே ஆண்டுகளில் இரு துன்பங்கள்! நீரைத் தேக்கவும் வடிக்கவும் இருந்த ஏற்பாடு ஒன்றுதான். அது பழுதுபட்டதால் இரண்டும் வந்தன.

ஏரி இன்று நெல்லுக்கு நீர் பாய்ச்சாவிட்டாலும், ஊரிலுள்ள கிணறுகளுக்கும் ஆழ்துளைக் குழாய்களுக்கும் ஊற்றாக இருக்கிறது. ஆகவே, அந்நிலத்தடி நீரைப் பருகும் ஒவ்வொருவரும் புதிய ஆயக்கட்டுதாரரே. அடுக்குமாடியில் வாழ்பவருக்கும் இதில் கடமை உண்டு. ஸ்பெயின் நாட்டு வாலென்சியா நகரில் விவசாயிகள் தாமே தேர்ந்தெடுத்த தண்ணீர் நீதிமன்றம், வியாழக்கிழமைதோறும் தேவாலய வாயிலில் கூடி, வாய்க்கால் வழக்குகளைத் தீர்க்கிறது. பல நூற்றாண்டுகளாக நடைபெறும் அதனை 2009இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுச் செல்வமாக அங்கீகரித்தது. அங்கே நிலைத்த ஒழுங்கு இங்கே நிலைக்காதா?

உங்கள் முன் நான்கு யோசனைகளை வைக்கிறேன்.

முதலாவது, மார்ச் 22ஆம் நாள் கிராம சபையில் ஊரின் ஏரி, குளம், வரத்துக்கால், போக்குக்கால் அனைத்தையும் சர்வே எண்ணுடன் உரக்கப் படியுங்கள். ஊரார் காதில் விழுந்த வாய்க்காலை எளிதில் ஆக்கிரமிக்க முடியாது. இரண்டாவது, மழைக்கு முன்னர் புரட்டாசியில் ஒருநாள், வரத்துக்கால் தொடங்கி கலங்கல் வரை அனைவரும் நடந்து பாருங்கள். அடைப்புகளைக் குறித்து, தீர்மானமாக எழுதி அனுப்புங்கள். 40 ஹெக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டுள்ள ஏரிகள் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் உள்ளவை; அவற்றைப் பற்றி எங்கள் அலுவலகத்தைக் கேள்வி கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. மூன்றாவது, இன்னும் பயிர் செய்யும் விவசாயிகள் வண்டல் மண்ணைக் கேட்டுப் பெறுங்கள்; 2024 முதல் வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி பெற வழி செய்யப்பட்டுள்ளது. நான்காவது, மழைக்காலக் கரைக்காவலுக்கு ஆட்களை அமர்த்துங்கள். எக்குலத்தவராயினும், ஆணாயினும் பெண்ணாயினும், விரும்பி வருவோருக்கு ரொக்கக் கூலியும் கிராம சபையில் மதிப்பும் கொடுங்கள்.

ஏற்றம் திரும்பி வராது, வரவும் வேண்டாம். படகுகளும் எளிதில் திரும்பா. ஆனால் மழைக்கு முன்னர் ஊர் கூடி ஏரியைப் பார்க்கும் காட்சி, நாம் மனம் வைத்தால் இவ்வாண்டே திரும்பி வரக்கூடியது. வரும் புரட்டாசியில் அதற்கொரு நாளை இக்கூட்டத்திலேயே நீங்கள் குறித்துக் கொடுத்தால், மண்வெட்டியுடன் முதல் ஆளாக நானும் வருகிறேன் என்று கூறி விடைபெறுகிறேன்.