கடல் வேணுமாம், கவிச்சி வேண்டாமாம்



கூட்டத்துக்கு வரும் வழியில், சென்னை மெரினா லூப் சாலையோரம் ஓர் அம்மா அரிவாள்மனையைக் காலால் அழுத்திக்கொண்டு வஞ்சிரம் நறுக்கிக்கொண்டிருந்தார். காரில் வந்தவர் கண்ணாடியை இறக்கினார், பேரம் பேசினார், வாங்கினார், மூக்கைப் பொத்திக்கொண்டே கிளம்பினார். அந்த மூக்கு இங்கேயே குடிவந்தால் என்ன ஆகும் என்பதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

இல்லாதப்பட்டவர்கள் வாழும் இடத்துக்கு வசதியானவர்கள் குடிவந்து, வாடகை ஏறி, இருந்தவர்கள் வெளியேறும் கதைக்கு 1964இல் லண்டனில் ரூத் கிளாஸ் என்ற சமூகவியலாளர் ஒரு பெயர் வைத்தார். தமிழில் 'மேட்டுக்குடியாக்கம்' என்கிறார்கள். வாயில் நுழையவில்லையா? கவலை வேண்டாம், நம்மூரில் அழகான பெயரே இருக்கிறது: 'சிங்காரம்'!

1985இல், எம்.ஜி.ஆர். ஆட்சியில், மெரினாவை அழகாக்குகிறோம் என்று கட்டுமரங்களை அகற்றப் போனார்கள். துப்பாக்கிச் சூட்டில் போய் முடிந்தது. 2023 ஏப்ரலில் இதே லூப் சாலையில், போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று மீன்கடைகளை அகற்றினார்கள். நான் கேட்கிறேன்: குப்பம் முதலில் வந்ததா, ரோடு முதலில் வந்ததா? வலை காய்ந்த மணலில் ரோட்டைப் போட்டுவிட்டு, 'ரோட்டில் ஏன் உட்கார்ந்தாய்?' என்றால் என்ன நியாயம்?

புல்டோசர் வந்தாலாவது ஊர் கூடும். வாடகை ஏறினால் யார் கூடுகிறார்கள்? மயிலாப்பூரில், மந்தைவெளியில் ஒண்டுக்குடித்தனங்களை இடித்து அடுக்குமாடி எழுப்புகிறார்கள். புது அட்வான்ஸுக்கு வழியில்லாதவன் பீரோவையும் கட்டிலையும் குட்டியானையில் ஏற்றிக்கொண்டு போய்விடுகிறான். எந்தப் பதிவேட்டிலும் அவன் 'வெளியேற்றப்பட்டவன்' இல்லை, 'காலி செய்தவன்'!

1970இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கியபோது, குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடு என்றார்கள். நொச்சிக்குப்பத்தில் அப்படித்தான் கட்டினார்கள். 2000க்குப் பிறகு? ஊருக்கு வெளியே கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம்! நீதி கேட்டவள் பெயரை வைக்க நல்ல இடம்தான் பார்த்தார்கள். அங்கிருந்து வீட்டு வேலைக்கு மயிலாப்பூர் வரும் பெண்ணுக்குச் சாதாரணப் பேருந்தில் கட்டணம் இல்லை, சரி. போகவர மணிக்கணக்காகிறதே, அதற்கு எந்த வீட்டில் சம்பளம் போட்டுத் தருகிறார்கள்?

நாளைக்கு இங்கேயும் இடித்துக் கட்டுகிறோம் என்று உங்கள் படியேறிக் கணக்கெடுக்க வருவார்கள். வாரியத்தின் ஒதுக்கீட்டு ஆணை வைத்திருப்பவர் பெயரை மட்டும் எழுதிக்கொண்டு போக விடாதீர்கள். வாடகைக்கு இருப்பவர், மாடிப்படிக்குக் கீழே இட்லிக்கடை போடுபவர், ஐஸ் பெட்டி தூக்குபவர், எல்லார் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். எழுதி முடிக்கும்வரை அந்தப் படியில் நாமும் உட்காருவோம்.