மனத்துயர் கேட்பாரைத் தேர்ந்தெடுக்கும் முறை

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நாடகமும் இன்னிசையும் காத்திருக்கும் நன்னாளிலே மனக்கவலையைப் பற்றிப் பேச முற்பட்டிருக்கிறோமே என்று சிலர் எண்ணக்கூடும். ஆயினும் நம் குடியிருப்பின் இல்லங்கள் பலவற்றில் கதவைச் சாத்திக்கொண்டு பேசப்படும் பொருள் இது. கதவைத் திறந்துவைத்து ஒரு முறையேனும் பேசிவிடலாம் என்ற எண்ணத்தினாலேயே இதனை எடுத்துக்கொண்டோம்.

உறக்கம் கெட்டு, உணவு செல்லாமல், செய்யும் உத்தியோகத்தில் நாட்டமற்று ஒருவர் மாதக்கணக்கில் வாடும்போது நாம் என்ன செய்கிறோம்? உற்றார் அறிவுரை கூறுகின்றனர். சோதிடர் கட்டம் பார்க்கிறார். சோளிங்கர் மலைக்கு நேர்ந்துகொண்டு சென்று வருகிறோம். மலைக்குச் செல்வதை நாம் குறைகூறப் புகவில்லை. நம் பாட்டன் பாட்டிமார் காலந்தொட்டு வரும் வழக்கம் அது. மலையிலிருந்து இறங்கி வந்த பின்னரும் துயர் நீங்கவில்லையெனில், கேட்பதற்கென்றே பயிற்சி பெற்ற ஒருவரிடம் செல்வதில் இழுக்கு ஏதும் இல்லை என்பதே நம் கருத்து.

அவ்வாறு செல்ல நினைப்போர் முதலில் அறியவேண்டியது, யார் யார் என்ன தகுதி உடையவர் என்பது. மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். தேறி, அதன்மேல் மனநல மருத்துவத்தில் எம்.டி. போன்ற பட்டம் பெற்றவர். மாத்திரை எழுதிக்கொடுக்கும் உரிமை அவருக்கு உண்டு. மருத்துவ உளவியலாளர் மருந்து தருவதில்லை. பேச்சினாலும் பயிற்சியினாலும் சிகிச்சை செய்கிறார். 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் பதிவேட்டில் அவர் பெயர் இருத்தல் வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டுப் பெற்று, அக்குழுமத்தின் இணையதளத்தில் நாமே சரிபார்த்துக்கொள்ளலாம். கேட்பதற்குக் கூசவேண்டியதில்லை. தகுதியுடையவர் எண்ணைச் சொல்லத் தயங்கமாட்டார். தயங்குவாரேயானால் அதுவே நமக்கு விடை.

மூன்றாமவர் ஆலோசகர். இங்கேதான் எச்சரிக்கை மிகவும் வேண்டும். உளவியலில் முதுகலைப் பட்டம் பெற்று, மூத்தோரின் மேற்பார்வையில் பல்லாண்டு பழகியவரும் தம்மை ஆலோசகர் என்கிறார். ஒரு வார வகுப்பில் சான்றிதழ் வாங்கியவரும் அதே சொல்லைப் பலகையில் எழுதி மாட்டிக்கொள்கிறார். ஆகவே எங்கே படித்தீர்கள், எத்தனை ஆண்டு படித்தீர்கள், யாருடைய மேற்பார்வையில் பயின்றீர்கள் என்று வினவுவது நம் கடமை. இரு வீட்டுத் திருமணம் பேசும்போது எத்தனை விசாரிக்கிறோம்! நம் உள்ளத்தையே ஒப்படைக்கும் இடத்தில் ஒன்றிரண்டு கேள்வி கேட்டால் குற்றமாகாது.

இனி, நம்மவர்க்கே உரிய ஓர் இடர்ப்பாடு. நாம் அலுவலகத்திலும் கடைத்தெருவிலும் தெலுங்கு பேசுகிறோம். நம் பிள்ளைகள் நம்மினும் நன்றாகப் பேசுகின்றனர். ஆனால் தாயை இழந்த துக்கத்தை எந்த மொழியில் சொல்லுவோம்? நம் அன்பர் ஒருவர், அவருடைய இசைவு பெற்றே இதைச் சொல்கிறோம், திருப்பதியில் ஓர் ஆலோசகரிடம் சென்றார். தெலுங்கில் சரளமாகப் பேச வல்லவர் அவர். இரண்டு முறை அமர்ந்தும், அலுவலகக் கோப்பிலுள்ள செய்தியைப் படித்துக் காட்டுவதுபோலவே தம் கதையைச் சொல்லி முடித்தாராம். அந்த அம்மையார் இதைக் கண்டுகொண்டு, "நீங்கள் தமிழில் சொன்னால் எனக்குப் பாதிதான் விளங்கும், ஆனால் நீங்கள் தமிழில்தான் சொல்லவேண்டும்" என்று கூறி, தமிழறிந்த வேறொருவரிடம் அனுப்பிவைத்தார். நண்பர் பாகாலா, சித்தூர் வழியாகக் காட்பாடி சென்று வேலூரில் ஒருவரைக் கண்டார். அங்கே முதல் நாளிலேயே பேச்சைவிட அழுகையே மிகுதியாக இருந்ததென்றார். தம்மால் இயலாததை இயலாதென்று சொல்லி, வரும் கட்டணத்தையும் விட்டுக்கொடுத்து, ஏற்றவரிடம் அனுப்பிய அந்த அம்மையாரையும் நல்ல ஆலோசகர் என்றே நாம் கொள்கிறோம்.

இதே நண்பர் அதற்கு முன் சென்ற இடம் ஒன்றுண்டு. அடுத்த தெருவிலே இருப்பவர், உறவுமுறையும் உண்டு, ஆகவே வசதி என்று நினைத்தார். பத்து நாளைக்குள் மைத்துனர் தொலைபேசியில் அழைத்து நலம் விசாரித்தார்! உறவினர், நண்பர், உடன் பணிபுரிபவர் ஆகியோரிடம் இச்சிகிச்சைக்குச் செல்லலாகாது. சற்றுத் தொலைவு நல்லது. வீடியோ வாயிலாகவும் இன்று பலர் ஆலோசனை தருகின்றனர். ஆனால் ஓரறையும் கூடமுமாக உள்ள வீட்டில் அதற்குத் தனியிடம் கிட்டுமா என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும்.

இரகசியம் பற்றிச் சட்டமே உண்டு. 2017ஆம் ஆண்டு இயற்றப்பட்டு, 2018 மே மாதம் 29ஆம் தேதி நடைமுறைக்கு வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, சிகிச்சை பெறுவோர் பற்றிய செய்திகள் காக்கப்படவேண்டும் என்கிறது. உயிருக்கு ஆபத்து, பிறருக்குத் தீங்கு, நீதிமன்ற ஆணை போன்ற விலக்குகள் சிலவே. மனைவி கேட்டாலும் அதிகாரி கேட்டாலும் சொல்லிவிடலாம் என்பது அங்கே இல்லை. எனினும் தனியாகத் தொழில் நடத்தும் ஆலோசகரிடம், "நாங்கள் சொல்வது யாரிடம் போகும்? குறிப்புகளை எங்கே வைப்பீர்கள்?" என்று முதல் நாளே கேட்டுத் தெளிவு பெறுவது நலம்.

முதல் சந்திப்பிலே கட்டணத்தையும், வர இயலாத நாளுக்குப் பணம் உண்டா என்பதையும் பேசிவிடவேண்டும். ஓர் அமர்வு பெரும்பாலும் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம். வாரம் ஒரு முறை. 1960களில் அமெரிக்காவில் ஏரன் பெக் வகுத்த முறையில், எண்ணங்களை எழுதிப் பார்க்கச் சொல்லி வீட்டுப்பாடமும் தருவர். பன்னிரண்டு முதல் இருபது அமர்வுகள் வரை செல்வது வழக்கம். ஆதலால் ஓர் அமர்வின் கட்டணத்தை மட்டும் பார்த்து, நம் சம்பளத்துக்கு இது தாங்கும் என்று முடிவு செய்தல் தவறு. மூன்றே நாளில் குணம் என்று வாக்களிப்பவர், இராசிக்கல் விற்பவர், மருத்துவப் பட்டமின்றி மாத்திரை நீட்டுபவர், நம் கதையைக் கேளாமல் தம் கதையைச் சொல்பவர், கைமாற்றுக் கேட்பவர் ஆகியோரிடமிருந்து அன்றே எழுந்து வந்துவிடலாம். நான்கைந்து அமர்வுக்குப் பிறகும் மனம் ஒட்டவில்லையெனில், அதை அவரிடமே சொல்லி வேறொருவரை நாடலாம். அதற்காக வருந்தும் ஆலோசகர் இருக்கலாம். சினங்கொள்பவர் இருத்தல் கூடாது.

தனியார் கட்டணம் இயலாதோர்க்கும் வழி அடைபடவில்லை. திருப்பதி ருயா அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் 1957 முதல் பாகாயத்தில் நடந்து வருகிறது. நோயாளியுடன் குடும்பத்தாரும் தங்கும் வழக்கத்துக்குப் பெயர் பெற்றது அது. சித்தூரிலிருந்து வேலூர் சுமார் முப்பத்தைந்து கிலோமீட்டரே. களைப்பும் சோர்வும் தைராய்டு முதலிய உடற்கோளாறுகளாலும் வருமாதலால், முதலில் பொது மருத்துவரிடம் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வதும் பணத்தை மிச்சப்படுத்தும்.

ஒன்று மட்டும் அவசரமாகச் சொல்லவேண்டியது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் ஒருவருக்கு எழுமாயின், அது ஆலோசகரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருக்கும் வேளை அன்று. அவரைத் தனியே விடாமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவேண்டும். 2022 அக்டோபர் 10ஆம் தேதி மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையின் எண் 14416. இரவும் பகலும் கட்டணமின்றிப் பேசலாம். தமிழிலும் பேசலாம், தெலுங்கிலும் பேசலாம். இந்த எண்ணைச் சங்க வாயிலிலுள்ள அறிவிப்புப் பலகையில் பெரிய எழுத்தில் எழுதி வைக்கும்படி செயலாளர் அவர்களை வேண்டிக்கொண்டு அமர்கிறோம்.