வழக்கின் செலவை எங்கிருந்து கணக்கிடுவது?



சிறப்புக் கல்வி தொடர்பாகப் பெற்றோருக்கும் பள்ளிக்கும் எழும் பிணக்குகளைத் தீர்க்க எவ்வளவு பொதுப் பணம் செலவாகிறது, அது தகுமா என்பதே நம் கருத்தரங்கின் பொருள். இதற்கு அமெரிக்க அனுபவத்தை எடுத்துக்கொண்டிருக்கிறோம். ஐம்பது ஆண்டுகளாகச் சட்டமும் தீர்ப்புகளும் செலவுக் கணக்குகளும் அங்கே ஆய்வாளர் கைக்கு எட்டுமளவில் சேர்ந்து கிடக்கின்றன.

மாற்றுத்திறனாளிக் குழந்தைகள் ஒவ்வொருவருக்கும் தகுந்த கல்வியை இலவசமாகத் தர வேண்டும் என்ற சட்டத்தில் அதிபர் ஃபோர்டு 1975 நவம்பர் 29 அன்று கையெழுத்திட்டார். 1990இல் அதன் பெயர் மாறியது, இன்று ஐ.டி.இ.ஏ. என்று வழங்குகிறது. ஒரு மாணவருக்கு ஆகும் சராசரிச் செலவில் 40 விழுக்காடு வரை மத்திய அரசு தரும் என்று 1975இல் பேசப்பட்டது. நிதி ஒதுக்கீடு அந்த அளவை இதுவரை எட்டவில்லை. மிச்சச் சுமை மாநிலங்கள் மீதும் கல்வி மாவட்டங்கள் மீதும் விழுந்தது. குழந்தைக்குப் பேச்சுப் பயிற்சி வாரத்துக்கு எத்தனை முறை என்று எழும் பேச்சுக்கு அடியில், அதற்கு யார் பணம் தருவது என்ற கேள்வி எப்போதும் கிடப்பது இதனால்தான்.

சட்டம் பெற்றோருக்கு மூன்று வழிகளைத் திறந்து வைத்திருக்கிறது. மாநிலக் கல்வித் துறையிடம் புகார் செய்யலாம். 60 நாளில் முடிவு வர வேண்டும். சமரசத்துக்குப் போகலாம், 1997 திருத்தத்தின்படி அதன் செலவு மாநிலத்துடையது. நடுநிலை விசாரணை அலுவலர் முன் முறையிடலாம். அதன் பிறகு நீதிமன்றம். 2004 திருத்தம், பெற்றோர் முறையிட்ட 15 நாளுக்குள் மாவட்டம் அவர்களை அழைத்துப் பேச வேண்டும் என்ற படியையும் சேர்த்தது.

இப்போது எண்களுக்கு வருவோம். 1999–2000 கல்வியாண்டை ஆராய்ந்த அமெரிக்க ஆய்வு நிறுவனங்கள் என்ற அமைப்பு, சமரசம், விசாரணை, வழக்கு மூன்றுக்குமாக மாவட்டங்கள் 14 கோடியே 65 லட்சம் டாலர் செலவிட்டதாக மதிப்பிட்டது. சிறப்புக் கல்வியின் மொத்தச் செலவோ ஏறத்தாழ 5,000 கோடி டாலர். பிணக்குக்குப் போனது நூற்றுக்கு அரைப் பங்குகூட இல்லையா என்று கேட்பீர்கள்; ஏறக்குறைய 0.3 விழுக்காடு. வழக்குகளே சிறப்புக் கல்வி நிதியை விழுங்குகின்றன என்று மேடைதோறும் கேட்கும் புகாருக்கு இந்த எண் இடம் தரவில்லை. ஒரு விசாரணைக்குச் சராசரியாக 18,600 டாலரும் ஒரு சமரசத்துக்கு 1,800 டாலரும் ஆகும் என்று கலிபோர்னியா அதிகாரிகள் சொன்னதை, மத்தியத் தணிக்கை அலுவலகம் 2003இல் பதிவு செய்தது. பத்தில் ஒரு பங்கு! சமரசத்தை வளர்க்க இதைவிட வலுவான வாதம் வேண்டியதில்லை.

ஆனால் தொகை சிறியது என்பதோடு நாம் திருப்தியடைய முடியாது. அந்தப் பணம் யார் பக்கம் போகிறது என்று பாருங்கள். மாவட்டம் குழந்தைக்கு வகுத்த கல்வித் திட்டம் போதாததாக இருந்தால், தனியார் பள்ளியில் சேர்த்த பெற்றோர் கட்டணத்தைத் திரும்பப் பெறலாம் என்று 1985இல் பர்லிங்டன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆயினும் கட்டணத்தை முதலில் கட்ட முடிந்தவருக்கே அது முழுமையாக உதவும். குறையை மெய்ப்பிக்கும் பொறுப்பு முறையிடுபவருடையது என்றது 2005ஆம் ஆண்டு ஷாஃபர் தீர்ப்பு. வென்றாலும் வல்லுநருக்குக் கொடுத்த ஊதியத்தைத் திரும்பக் கேட்க முடியாது என்றது 2006ஆம் ஆண்டு ஆர்லிங்டன் தீர்ப்பு. தணிக்கை அலுவலகம் 2019இல் ஐந்து மாநிலங்களைப் பார்த்தபோது, பிணக்கு பதிவான மாவட்டங்களின் விகிதம் வருவாய் மிகுந்த பகுதிகளில்தான் கூடுதலாக இருந்தது. இதில் வியப்பில்லை.

மறுபுறம் டெக்சாஸைப் பாருங்கள். சிறப்புக் கல்வி பெறும் மாணவர் விகிதம் 8.5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பதுபோல் அங்கே ஒரு கண்காணிப்பு அளவுகோல் பல ஆண்டுகள் இயங்கியது. 2016இல் ஹூஸ்டன் கிரானிக்கிள் நாளிதழ் அதை வெளிக்கொணர்ந்தது. மாநிலம் சட்டத்தை மீறியது என்று மத்தியக் கல்வித் துறை 2018 ஜனவரியில் முடிவுசெய்தது. தேவை உண்டென்று கண்டறியப்படாத குழந்தைக்குத் திட்டம் இல்லை. திட்டம் இல்லாத இடத்தில் அதன் போதாமை பற்றிய வழக்கும் இல்லை. பிணக்குச் செலவுப் பத்தியில் அந்தக் குழந்தையின் பெயரில் சுழியம்தான் நிற்கும். அந்தச் சுழியத்தைச் சிக்கனம் என்று எழுதுவோமா?

நியூயார்க் இதற்கு நேர் எதிர். நாட்டின் விசாரணைக் கோரிக்கைகளில் மிகப் பெரிய பங்கு அந்த மாநிலத்திலிருந்து, அதிலும் நியூயார்க் நகரத்திலிருந்து வருகிறது. 2007இல் இயற்றிய சட்டத்தால் மெய்ப்பிக்கும் பொறுப்பை அம்மாநிலம் பெரும்பாலும் மாவட்டத்தின் மீது வைத்தது. ஆனால் ஓர் ஆண்டுக்கான திட்டம் குறித்த தீர்ப்பு அந்த ஆண்டோடு முடிகிறது. பள்ளி திருந்தாவிட்டால் அதே குடும்பம் மறு ஆண்டும் அதே வாசலுக்கு வருகிறது. ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் வழக்கு, நிரந்தரமாகக் கட்டியிருக்க வேண்டிய ஒரு வகுப்பறைக்குத் தரும் வாடகை.

எனவே என் கருத்து இதுதான்: பிணக்கின் செலவை முறையீடு பதிவான நாளிலிருந்து எண்ணுவது பிழையான கணக்கு. குழந்தையின் தனிநபர் கல்வித் திட்டம் வகுக்கப்பட்ட முதல் கூட்டத்திலிருந்து எண்ண வேண்டும். அன்று மறுக்கப்பட்ட பயிற்சியின் விலை, சாட்சி சொல்லப் போன ஆசிரியரின் வகுப்பில்லா நாட்கள், காத்திருந்த மாதங்களில் குழந்தை இழந்த கற்றல், வாதாட வசதியின்றி ஒதுங்கிய குடும்பங்கள் ஆகிய நான்கும் அதில் இடம்பெற வேண்டும். அப்படி எண்ணினால் சமரசம் மலிவு என்பதோடு, எந்தச் சமரசம் குழந்தைக்கு உரியதைத் தந்தது, எது பெற்றோரின் களைப்பால் முடிந்தது என்பதும் தெரியவரும்.

கட்டுரையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் எடுத்துக்கொண்ட பிணக்கு எந்தப் படியில் முடிந்திருக்கலாம், அந்தப் படியில் அதற்கு என்ன ஆகியிருக்கும் என்ற கேள்விக்கு ஒவ்வொரு அமர்விலும் விடை தாருங்கள். வழக்குரைஞர்களும் நிதி அலுவலர்களும் மட்டும் பேசினால் கணக்கு பாதியில் நிற்கும். ஆசிரியர்களும் பெற்றோரும் குறுக்கிட்டுக் கேட்க வேண்டும். கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன். முதல் அமர்வின் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.