கையில் கொஞ்சம் ரொக்கம்

(அறக்கட்டளையின் மாதாந்திரக் குடும்ப நலக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)





இன்று ஒரு சின்னக் கேள்வியோடு ஆரம்பிக்கிறோம். உங்கள் சட்டைப் பையில், கைப்பையில் இப்போது ரொக்கமாக எவ்வளவு இருக்கிறது? சென்ற மாதம் கமிட்டிக் கூட்டத்தில் இதே கேள்வியை எங்களுக்குள் கேட்டுக்கொண்டோம். ஒன்பது பேர் இருந்தோம். நான்கு பேரிடம் ஒரு ரூபாய்கூட இல்லை. ஒருவரிடம் இருபது ரூபாய் இருந்தது. அதுவும் கிழிந்த நோட்டு என்று எந்தக் கடையிலும் வாங்காததால் மிஞ்சியது. எல்லோரும் சிரித்தோம். ஆனால் அந்தக் கேள்வி எழுந்த காரணம் சிரிப்பதற்குரியதல்ல.

அதற்கு முந்தின வாரம் நமது மஹல்லாவில் ஒரு மூதாட்டி இரவு பதினொன்றரை மணிக்கு மவுத்தாகிவிட்டார்கள். அன்று நல்ல மழை. கரண்ட் இல்லை, செல்போன் சிக்னலும் இல்லை. வெளியூரிலிருக்கும் மகளை அழைத்துவர வாடகைக் கார் வேண்டும். மழையில் கபர் தோண்ட வருகிறவர்களுக்குக் கையில் ஏதாவது கொடுக்க வேண்டும். மகன், மருமகன் எல்லோருடைய கணக்கிலும் பணம் இருக்கிறது, கையில் இல்லை. ஏடிஎம் இருட்டில் கிடந்தது. கடைசியில் பணம் எங்கிருந்து வந்தது தெரியுமா? மவுத்தான அந்த அம்மாவின் தகரப் பெட்டியிலிருந்து. நூறும் ஐம்பதுமாகச் சேர்த்து வைத்திருந்த சிறுவாட்டுப் பணம், மூவாயிரத்துச் சொச்சம். "எங்க உம்மா தன் செலவைத் தானே கொடுத்துட்டுப் போயிட்டாங்க" என்று அந்த மகன் அழுததை நாங்கள் பக்கத்தில் நின்று பார்த்தோம்.

சகோதரர்களே, செல்போனில் பணம் அனுப்புவது தவறு என்று நாம் சொல்ல வரவில்லை. 2016இல் யுபிஐ வந்தது. 2023 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 1000 கோடிப் பரிவர்த்தனைகளைத் தாண்டிவிட்டது. இளநீர்க் கடையிலும் ஸ்கேன் அட்டை தொங்குகிறது. சில்லறைத் தகராறு இல்லை, கள்ள நோட்டுப் பயம் இல்லை, வெளியூரில் படிக்கும் பிள்ளைக்கு நிமிடத்தில் பணம் போய்விடுகிறது. இதெல்லாம் நல்ல வசதிதான். ஆனால் ரொக்கம் ஒழிந்துவிட்டது என்று நினைத்தால் அதுவும் தவறு. 2016 மார்ச்சில் நாட்டில் புழங்கிய நோட்டுகளின் மதிப்பு சுமார் 16 லட்சம் கோடி ரூபாய். 2024 மார்ச்சில் அது 34 லட்சம் கோடியைத் தாண்டியிருந்தது. போனும் வளர்ந்திருக்கிறது, நோட்டும் வளர்ந்திருக்கிறது.

போன் வழியே பணம் போக மூன்று காரியங்கள் நடக்க வேண்டும். பேட்டரியில் சார்ஜ் இருக்க வேண்டும், சிக்னல் இருக்க வேண்டும், வங்கியின் சர்வர் வேலை செய்ய வேண்டும். மூன்றில் ஒன்று நின்றாலும் கோடீஸ்வரர்கூட டீ குடிக்க முடியாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரு நாளைக்குள் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதை நாம் மறந்திருக்க மாட்டோம். நம்மில் பலருக்குச் சம்பந்தக் குடி உள்ள ஊர். தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் பல இடங்களில் மின்சாரமும் தொலைத்தொடர்பும் துண்டிக்கப்பட்டன. அந்த நேரத்தில் அரிசிக்கும் பால் பவுடருக்கும் கையிலிருந்த நோட்டுதான் உதவும்.

பணக்கார நாடுகளும் இப்போது இதைச் சொல்ல ஆரம்பித்துவிட்டன. நெதர்லாந்தின் மத்திய வங்கி 2025இல் தன் மக்களுக்கு ஓர் ஆலோசனை சொன்னது. 72 மணி நேரத்துக்குச் சமாளிக்க, பெரியவர் ஒருவருக்கு 70 யூரோ, குழந்தை ஒன்றுக்கு 30 யூரோ வீதம் வீட்டில் ரொக்கம் வைத்திருங்கள் என்றது. அதே ஆண்டு ஏப்ரல் 28ஆம் தேதி ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் நாடு முழுக்க மின்சாரம் நின்றபோது, கார்டை மட்டும் நம்பியிருந்தவர்கள் திண்டாடிப் போனார்கள்.

அப்படியானால் பீரோ நிறைய அடுக்கி வைக்கலாமா? கூடாது. 2016 நவம்பர் 8ஆம் தேதி இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். வங்கியில் செலுத்த டிசம்பர் 30 வரைதான் அவகாசம். அடுத்த வருடம் ரமலானில் ஒரு பெரியம்மா நமது அலுவலகத்துக்கு வந்து, முந்தானை முடிச்சை அவிழ்த்து, பன்னிரண்டு பழைய ஐந்நூறு ரூபாய் நோட்டுகளை மேஜையில் வைத்தார்கள். பேத்தி கல்யாணத்துக்கு என்று குர்ஆன் உறைக்குள் பத்திரப்படுத்தியது. அவர்களிடம் அது வெறும் காகிதம் என்று சொல்ல எங்களுக்கு நாக்கு எழவில்லை. அதோடு, வீட்டில் பணம் குவிந்தால் திருட்டுப் பயம் உண்டு. தேர்தல் காலத்தில் கணக்குக் காட்ட முடியாமல் 50,000 ரூபாய்க்கு மேல் கொண்டுபோனால் பறக்கும் படை பிடித்துக்கொள்ளும். ஒருவரிடமிருந்து ஒரே நாளில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதற்கும் சட்டத்தில் தடை இருக்கிறது. நகை வாங்கும்போதும் இடம் முடிக்கும்போதும் இதை நினைவில் வையுங்கள். இன்னொன்று, பீரோவில் இருக்கும் ரொக்கத்துக்கும் ஸகாத் கணக்கு உண்டு. வங்கி இருப்பை மட்டும் கூட்டிவிட்டு இதை மறந்துவிடுகிறோம்.

எனவே எங்கள் யோசனை இதுதான். வெளியே போகும்போது ஆளுக்கு 300 முதல் 500 ரூபாய், பத்து, இருபது, ஐம்பது நோட்டுகளாக. ஒற்றை ஐந்நூறு ரூபாய் நோட்டை ஆட்டோக்காரரிடம் நீட்டினால் பயனில்லை. வீட்டில் மூன்று நாளிலிருந்து ஒரு வாரத்துக்கான சாப்பாடு, மருந்து, பயணச் செலவு. நான்கு பேர் உள்ள சாதாரணக் குடும்பத்துக்கு 3000 முதல் 5000 போதும். எங்கே இருக்கிறது என்பது வீட்டில் இரண்டு பேருக்காவது தெரிந்திருக்க வேண்டும். எடுத்துச் செலவழித்தால் மாதச் சம்பளம் வந்ததும் திரும்ப நிரப்பிவிட வேண்டும்.

இனி நாம் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறோம். எவ்வளவு பணம் என்பதைவிட, யார் கையில் என்பதுதான் பெரிய கேள்வி.

இதில் எங்கள் தவற்றை முதலில் ஒப்புக்கொள்கிறோம். இரண்டு வருடங்களுக்கு முன்புவரை, விதவைகளுக்கும் ஆதரவற்ற முதியவர்களுக்கும் மாத உதவியை உறையில் போட்டுக் கையில் கொடுத்து வந்தோம். கணக்கு எழுத எளிது, ஆடிட்டருக்கும் சுலபம் என்று எல்லோருக்கும் வங்கிக் கணக்கிலேயே அனுப்ப ஆரம்பித்தோம். பெரிய முன்னேற்றம் என்று ஆண்டறிக்கையிலும் எழுதிக்கொண்டோம். சில மாதங்கள் கழித்து ஒரு சகோதரியைத் தெருவில் பார்த்து, "பணம் சரியா வருதாம்மா?" என்று கேட்டோம். "எனக்கெப்படித் தம்பி தெரியும்? போன் மகன்கிட்டதானே இருக்கு" என்றார்கள். வீடு வீடாகப் போய் விசாரித்தபோது, அப்படி இன்னும் சிலர் இருந்தார்கள். ஒருவர் கணக்கில் குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று வங்கியே ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டிருந்தது. நாங்கள் அனுப்பினோம், ஆனால் அவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. அமானிதத்தில் அது எங்கள் குறை. அல்லாஹ் எங்களை மன்னிப்பானாக.

உங்கள் வீட்டையும் ஒருமுறை நினைத்துப் பாருங்கள். "உம்மா, என்ன வேணும்னு சொல்லுங்க, நான் போன்ல போட்டுடுறேன்" என்று அன்பாகத்தான் சொல்கிறோம். ஆனால் பத்து ரூபாய்க்கு வெற்றிலை வாங்கவும், வாசலில் வரும் மீன்காரம்மாவுக்குக் கொடுக்கவும், பெருநாளில் பேரப்பிள்ளை கையில் காசு வைக்கவும் அவர்கள் மகனைக் கேட்க வேண்டியிருக்கிறது. முன்பு வாப்பா வீட்டுச் செலவுக்குக் கொடுத்ததில் மிச்சம் பிடித்து உம்மா சிறுவாடு சேர்த்தார்கள். இன்று மளிகைக்கும் பாலுக்கும் கணவர் போனிலிருந்தே போய்விடுகிறது. மனைவி கையில் மிஞ்ச எதுவுமில்லை. கணக்குச் சுத்தமாகிவிட்டது, கை காலியாகிவிட்டது.

ஸதகாவும் அப்படித்தான். ஜும்ஆ முடிந்து வாசலில் நிற்கும் ஏழையிடம் "சில்லறை இல்லை" என்று முன்பெல்லாம் சாக்குச் சொன்னோம். இப்போது அது உண்மையாகவே ஆகிவிட்டது. போனில் கொடுத்தால் கொடுத்தவர் பெயரும் வாங்கியவர் பெயரும் பதிவாகிறது. கூச்சப்படுகிற மனிதருக்கு மறைவாகக் கொடுக்க, மடித்த நோட்டைப் போல எளிதான வழி வேறில்லை.

ஆகவே கமிட்டி மூன்று முடிவுகள் எடுத்திருக்கிறது. ஒன்று, மாத உதவி கையிலா, கணக்கிலா என்று உதவி பெறுபவரிடமே தனியாகக் கேட்டு, அவர்கள் விருப்பப்படி கொடுப்போம். கையில் கொடுக்கும்போது இரண்டு பேர் சென்று கையெழுத்து வாங்குவார்கள். இரண்டு, அவசர ஜனாஸா செலவுக்கென்று ஒரு தொகை அலுவலகத்தில் எப்போதும் ரொக்கமாக இருக்கும். இரவு எந்நேரமும் மோதினாரிடம் சொன்னால் போதும். மூன்று, ஸ்கேன் அட்டை வைத்தாலும் உண்டியலை எடுக்க மாட்டோம். பெரிய நன்கொடைகளை மட்டும் வங்கி வழியே தாருங்கள். 2000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வருமான வரிச் சலுகை கிடைக்காது.

உங்களிடம் நாங்கள் கேட்பது ஒன்றுதான். இன்று வீட்டுக்குப் போனதும் உம்மா கையிலும் மனைவி கையிலும் ஒரு தொகையைக் கொடுங்கள். எதற்கு என்று கேட்டால், "உங்களுக்குத்தான்" என்று சொல்லுங்கள். எப்படிச் செலவழித்தீர்கள் என்று பிறகு கேட்காதீர்கள்.

அல்லாஹ் நம் பொருளில் பரக்கத்தையும், கொடுக்கும் மனதையும் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.